கசக்காத நாக்கு

லூக்கிச்சின் பெண்ணைக் கட்ட வேண்டுமென்றால் முதலில் லூக்கிச்சோடு காளான் பொறுக்கப் போக வேண்டும். தான் காளான் பொறுக்கும் இடத்தை அவர் மனைவி ரீம்மாவுக்கே காட்டியதில்லை. அப்படிப்பட்டவர் "வா தம்பி" என்று கூப்பிட்டதும், அவர் பெண்ணைக் கட்டக் காத்திருந்த கிளெப்புக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குச் சம்மதமா இல்லையா என்று அன்றைக்கே சொல்லிவிடுவதாக மகள் ஸோயாவிடம் சொல்லியிருந்தார்.

பிர்ச் மரங்களுக்கு அடியில் குனிந்து குனிந்து கிளெப்புக்கு இடுப்பு ஒடிந்தது. பிர்ச்சடிக் காளானைத் தெரியாத ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது: மண்நிறத் தொப்பி, வெள்ளைத் தண்டு, தண்டிலும் பிர்ச் பட்டை மாதிரியே கறுப்புக் கீறல்கள். லூக்கிச் தன் கூடையில் போட்டதோ வேறு. தண்டில் பழுப்பு வலை, தொப்பிக்கு அடியில் இளஞ்சிவப்பு. அசல் கசப்புக் காளான். ஆளைக் கொல்லாது, ஆனால் ஒன்று விழுந்தாலும் சட்டியோடு கொட்ட வேண்டியதுதான்.

"லூக்கிச், தண்டுல வலை இருக்கே?"

"வலையாவது வெங்காயமாவது! ஒரு புழு இருக்கா பாரு. உன் கூடையில பாதி புழுதான்."

புழுவுக்கு இருக்கிற புத்தி இந்த மனுஷனுக்கு இல்லையே என்று நினைத்தான் கிளெப்.

"நக்கிப் பாத்துடலாமா?"

லூக்கிச் அழுத்தமாக ஒரு நக்கு நக்கினார். "தேன்டா!" முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கசப்பே உறைக்காத நாக்கு சிலருக்கு உண்டென்று கிளெப் கேள்விப்பட்டிருக்கிறான். அதை வைத்துக்கொண்டு ஒருவர் ஊருக்கே காளான் பாடம் நடத்துவார் என்று கேள்விப்பட்டதில்லை. சொன்னால் பெண் போச்சு. குனிந்து அடுத்த மரத்தடியைத் தேடினான்.

வீட்டில் லூக்கிச்சே உருளைக்கிழங்கோடு வதக்கி, புளித்த பாலேடு ஊற்றி, சட்டியை மேசைக்குக் கொண்டுவந்தார்.

"எனக்கு வேணாம், வயித்துப்புண்ணு" என்று ரொட்டியைப் பிய்த்தாள் ரீம்மா.

"எனக்குக் காளான்னாலே அலர்ஜி" என்றாள் ஸோயா. போன வாரம் கிளெப் வீட்டில் இரண்டு தட்டு காளான் சூப் குடித்தவள்.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஸோயாவின் கண்கள் கெஞ்சின. ஒரு வாய் போட்டான். கண்ணில் நீர் முட்ட, விழுங்கினான்.

"எப்படி?"

"இப்படி ஒண்ணு... வாழ்க்கையில சாப்பிட்டதில்ல, லூக்கிச்."

லூக்கிச்சுக்கும் கண் கலங்கியது. "கேட்டியா ரீம்மா? இத்தனை வருஷமா இந்த வீட்டுல நான் அநாதையாத் தின்னேன்! இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நானும் மாப்ளையும்தான்!" சட்டியில் மீதமிருந்ததை அப்படியே கிளெப்பின் தட்டில் கவிழ்த்தார்.

மாப்ளை! ஸோயா சந்தோஷம் தாங்காமல் மேசைக்கடியில் அவன் கையை நசுக்கினாள். பிறகு காதருகே குனிந்தாள்.

"வயித்துப்புண்ணையும் அலர்ஜியையும் நாங்க எடுத்துக்கிட்டோம். நீ வேற வியாதி ஏதாச்சும் பாத்துக்கோ."