எதிரே சம்பந்தி வருகிறார்

காலையில் நீச்சல்குளத்துக்கு வரும் பெரியவர்களை, அவர்கள் நீந்தும் விதத்தை வைத்தே எடைபோட்டுவிடலாம் என்பது கண்ணாடிக்கடைக்காரியின் கட்சி.

வக்கீல் ஃப்ரீஸ்டைல்தான் போவார். அதிலும் வலப்பக்கம் மட்டும் தலையைத் திருப்பி மூச்சு வாங்குவார். இடப்பக்கம் குளமே பற்றி எரிந்தாலும் அவருக்குத் தெரியாது. கல்லூரிப் பேராசிரியருக்கு மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக். முகத்தில் தண்ணீர் படக்கூடாது, ஆனால் நீந்தியதாகவும் இருக்க வேண்டும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கோஷ்டி தனி. தலையை மேலேயே வைத்துக்கொண்டு, ஜோடி ஜோடியாக, நேற்று விட்ட இடத்திலிருந்து வம்பளந்தபடி போவார்கள். கயிறு கட்டிப் பிரித்த அந்த லேனிலிருந்து நனைந்த தலையோடு யாரும் வீட்டுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை.

பட்டர்ஃப்ளை நீந்துகிறவள் கண்ணாடிக்கடைக்காரி ஒருத்திதான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் கற்றுக்கொண்டாள். "இந்த வயசுல தோளும் இடுப்பும் ஒத்துழைக்கணுமேம்மா" என்று கோச் இழுத்தார். "அதுங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீங்க சொல்லிக் குடுங்க" என்றாள். முதல் வருஷம் முழுக்க, கால் கட்டிய கோழி மாதிரி தண்ணீரில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒருநாள், இன்னதென்று சொல்ல முடியாத ஒரு விநாடியில், இடுப்பு அலையாக மடங்கியது. இரண்டு கைகளும் தாமாகவே தண்ணீரை விட்டு எழுந்து வந்தன. கரைக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள்.

"ஃப்ரீஸ்டைல்ல ஜம்முனு போகலாமே, எதுக்கு இப்படி உயிரை விடறீங்க?" என்று வக்கீல் கேட்டிருக்கிறார். அவளிடம் பதில் இருந்தது. வெளியே சொன்னால் அசடு வழியும் என்று மென்று விழுங்கிவிட்டாள். மற்ற நீச்சலில் ஒரு கை உழைக்கும்போது இன்னொரு கை சும்மா வரும். அந்தச் சும்மா நேரத்தில் கடை வந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். லென்ஸ் வரவில்லை, ஃபிரேம் உடைந்துவிட்டது, தொழிற்சாலைக்காரன் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். பட்டர்ஃப்ளையில் இரண்டு கையும் ஒன்றாக எழ வேண்டும், ஒன்றாக விழ வேண்டும். பாதி மனசோடு செய்தால் பாதியிலேயே மூழ்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. நாள் முழுக்க அவள் வேலை மற்றவர்களின் முகத்துக்கு அருகே குனிவது. காதோரம் விரல் உரசாமல் ஃபிரேமை மாட்டுவது, மூச்சுக்கூடப் படாமல் தள்ளி நிற்பது, "இது சரியா இருக்கா, இல்ல இது பரவாயில்லையா" என்று மெல்லிய குரலில் கேட்பது. தன்னைச் சுருக்கிச் சுருக்கியே முப்பது வருஷம் கடை நடத்தியவள். குளத்தில் மட்டும்தான் அவள் தன் முழு அகலத்துக்கு விரிந்தாள்.

அந்த அகலத்தில்தான் சிக்கலும் இருந்தது. ஒரு லேனில் எல்லோரும் இடப்பக்கமாகப் போய் இடப்பக்கமாகத் திரும்புவார்கள். எதிரே ஆள் வந்தால், பட்டர்ஃப்ளைக்காரர் நடுப்பக்கம் இருக்கும் வலது கையை முன்னால் நீட்டி நிறுத்திக்கொண்டு, இடது கையால் மட்டும் நான்கைந்து இழுப்பு போட்டுக் கடந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிரே வருகிறவரின் மூக்குக்கு உத்தரவாதம் கிடையாது. குளத்தில் எங்கும் எழுதிவைக்காத மரியாதை அது. அவளும் தவறாமல் கடைப்பிடித்தாள். விடியற்காலை லேன்கள் பெரும்பாலும் காலியாக இருந்ததால் அது பெரிய இழப்பாகவும் இல்லை.

சம்பந்தி வந்து சேரும்வரை.

மகளின் மாமியார் பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டிவலிக்கு நீச்சல் நல்லது என்று மகள்தான் அவரைக் குளத்தில் சேர்த்துவிட்டாள். முதல் நாளே, "தெரிஞ்ச முகம் இருக்கிற லேன்லயே நானும் இருந்துக்கறேன் சம்பந்தி" என்று இறங்கிவிட்டார்.

"அதுக்கென்ன, தாராளமா வாங்க" என்றாள் இவள். வேறென்ன சொல்வது?

சம்பந்திக்கு பிரெஸ்ட் ஸ்ட்ரோக். ராஜ நடை. அவர் ஒருமுறை அந்தக் கோடி போய்ச் சேர்வதற்குள் இவள் இரண்டு தடவை எதிரே வந்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் வலது கையை நீட்டி நிறுத்த வேண்டும். "பக்கத்து லேனுக்குப் போங்களேன்" என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வரும். சம்பந்தியிடம் அப்படிச் சொல்வதும், பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவதும் ஒன்றுதானே என்று திரும்பிப் போய்விடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இரு வீட்டாருக்கும் நடுவில் ஒரு சின்ன மனஸ்தாபம்கூட வந்ததில்லை. அதை ஒரு கைவீச்சில் கெடுத்துக்கொள்வானேன்? நான்கு மாதமாக அவள் நீந்தியதில் பாதி, ஒற்றைக்கை நீச்சல்.

ஒரு மத்தியானம் மகள் கடைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, "அம்மா, வலது தோள் எத்தனை நாளா வலிக்குது?" என்றாள்.

"எனக்கா? யார் சொன்னா?"

"அத்தைதான். நீந்தும்போது உன்னால வலது கையத் தூக்கவே முடியலயாம். தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்களாம். தோள் இறுகிட்டு வருதாம், விட்டா சீப்பு பிடிச்சுத் தலைகூட வார முடியாதாம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு சிரிப்பு வந்தது. "எனக்கு ஒரு வலியும் இல்லடி."

"வலியே இல்லன்னு சொல்றவங்களுக்குத்தான் முத்திப் போயிருக்கும்னும் சொன்னாங்க."

அவள் மேல் அலமாரியிலிருந்து ஃபிரேம் பெட்டியை வலது கையால் இறக்கிக் காட்டினாள். மகள் பதறிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டாள். "இதத்தான் சொல்றேன். இப்படி வெயிட் தூக்கித் தூக்கித்தான் வந்திருக்கு. உங்க மாப்பிள்ளை எலும்பு டாக்டர்கிட்ட அடுத்த மாசத்துக்கு நேரம் வாங்கிட்டார். அதுவரைக்கும் பட்டர்ஃப்ளை கிடையாது. டாக்டர் என்ன சொன்னாலும், இந்த வயசுல அந்த நீச்சலே வேண்டாம்னு மாப்பிள்ளைக்கு அபிப்பிராயம். அத்தையும் அதேதான் சொல்றாங்க."

"உங்க அத்தைக்கு நான் எப்படி..."

"நீ ஏமாத்த முடியாது. அதே லேன்லயே இருந்து கண்ணும் கருத்துமா பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

மறுநாள் சம்பந்தி சொன்ன சொல் தவறவில்லை. தோளோடு தோள் சேர்ந்து பிரெஸ்ட் ஸ்ட்ரோக் போட வைத்தார். "மெதுவா, மெதுவா. அவசரமே இல்ல" என்று, ஆபரேஷன் முடிந்த நோயாளியை நடத்திக் கூட்டிப்போவது போலக் கூட்டிப்போனார். தலை நனையாமல் வீடு திரும்பியபோது அவளுக்கு, குளிக்காமல் வந்தது போல ஒரு கசகசப்பு. அந்த வாரம் கடையில் இரண்டு பேருக்கு லென்ஸை மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். தண்ணீரைக் குடிக்க மட்டுமே தெரிந்தவர். ராத்திரிச் சாப்பாட்டின்போது முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "இதுல என்ன இருக்கு? உங்களுக்காகத்தான் கையை நிறுத்தறேன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றார்.

"நீங்க வழில வர்றீங்கன்னு சம்பந்திகிட்ட சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கே நம்ம பொண்ணு காதுக்கு அது எப்படிப் போய்ச் சேரும் தெரியுமா?"

"அப்ப டாக்டர்கிட்ட போ. ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துடுவார்."

"குடுப்பார். மறுநாள் நான் மறுபடியும் கையை நிறுத்துவேன். அவங்க மறுபடியும் பாப்பாங்க."

வாத்தியார் தட்டில் விரலால் ஒரு கோடு போட்டார். "நீ இந்த முனை, அவங்க அந்த முனை. எதிரெதிரா வர்றீங்க. பக்கத்துல வரும்போதுதானே கையை நிறுத்தற? தூரத்துல இருக்கும்போது ரெண்டு கையாலதானே நீந்தற? அத அவங்க பாக்கவே மாட்டாங்களா?"

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

சம்பந்தியின் கண்ணாடி அவள் கடையில் போட்டதுதான். இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலரை. குளத்துக்கு வரும்போது அதைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவார். கையெட்டும் தூரத்தைத் தாண்டினால் அவருக்கு எல்லாமே பனிமூட்டம். பனிமூட்டத்திலிருந்து அவருடைய சம்பந்தி வெளிப்படும்போதெல்லாம் அந்தச் சம்பந்திக்கு ஒரே கைதான் இருந்திருக்கிறது.

"நானெல்லாம் ஒரு கண்ணாடிக்கடைக்காரி" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளே, அதே பவரில் ஒரு நீச்சல் கண்ணாடிக்குச் சொல்லிவைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் காரியம் முடிந்துவிடும் என்பது அவள் கணக்கு. தூரத்தில் இரண்டு கையும் நன்றாக வேலை செய்வதைச் சம்பந்தி தாமே பார்த்துக்கொள்வார். தோளில் ஒன்றுமில்லை என்று அவர் வாயாலேயே வந்துவிடும். கையை நிறுத்துகிற காரணத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

கண்ணாடி வந்தது. குளத்தங்கரையில் அதைக் கொடுத்தபோது சம்பந்தி, "எனக்கெதுக்கு சம்பந்தி இதெல்லாம்" என்று கூச்சப்பட்டபடியே மாட்டிக்கொண்டார். நிமிர்ந்தார். எதிர்ச்சுவரை உற்றுப் பார்த்தார்.

"அந்தச் சுவத்துல கடிகாரம் இருக்கா?"

"முதல்லேருந்தே இருக்கு."

"கோச் சின்னப் பையன்னு நினைச்சுட்டிருந்தேன். எனக்கு மேல நரைச்சிருக்கு அவருக்கு."

"சம்பந்தி, ஒரே ஒரு தடவை போயிட்டு வரேன். நீங்க இங்கயே நின்னு பாருங்க. கொஞ்சம் வலிச்சாலும் நிறுத்திடறேன்" என்று கெஞ்சினாள். ஹெட் நர்ஸ் யோசித்து அனுமதி கொடுத்தார்.

அவள் சுவரை உதைத்துக் கிளம்பினாள். பத்து நாள் பட்டினி கிடந்த உடம்பு. இடுப்பு மடங்கியது, மார்பு அழுந்தியது, கைகள் இரண்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தன. கடை இல்லை, டாக்டர் இல்லை, மாப்பிள்ளையின் அபிப்பிராயம் இல்லை. அந்தக் கோடியைத் தொட்டுத் திரும்பினாள்.

திரும்பி வருகையில், பாதி தூரத்தில், எதிரே ஏதோ அசைந்தது. பார்த்தது போதும் என்று சம்பந்தி நீந்தத் தொடங்கியிருந்தார். அவள் யோசிக்கவே இல்லை. நான்கு மாதப் பழக்கம். வலது கை தானாக முன்னால் நீண்டு நின்றது. இடது கையால் ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு.

சம்பந்தி நடுக்குளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவளும் நின்றாள்.

"அங்கேருந்து ரெண்டு கையாலயும் வந்தீங்க" என்றார் சம்பந்தி. "என்னைப் பாத்ததும் ஒரு கை நின்னுடுச்சு."

அவள் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டாள்.

"இடிச்சுடக் கூடாதுன்னா?"

"ஆமா."

"தினமும் இப்படித்தானா?"

"ஆமா சம்பந்தி."

சம்பந்தியின் முகம் சுண்டிப்போனது. நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நாலு மாசமா உங்க வழில நந்தி மாதிரி நின்னிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நான் ஊரெல்லாம் உங்களுக்குத் தோள் போச்சுன்னு சொல்லிட்டேன்."

எதற்கு அவள் இவ்வளவு நாள் பயந்தாளோ அது இப்போது எதிரில் நின்றது. ஏதாவது சமாதானம் சொல்லி மழுப்பிவிடலாம். அதற்குப் பத்து வார்த்தை தயாராகவும் இருந்தது. அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"சொல்லியிருக்கணும். தப்புதான். நீங்க இந்த லேன்ல இருந்தா என்னால முழுசா நீந்த முடியாது. எனக்கு முழுசா நீந்தணும். இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் கையை நிறுத்திட்டே இருந்தேன்."

வக்கீல் பக்கத்து லேனில் தண்ணீரை இறைத்துக்கொண்டு கடந்து போனார். சம்பந்தி அவர் போகும்வரை காத்திருந்தார்.

"நான் மட்டும் என்ன" என்றார் மெதுவாக. "எனக்கு முதல் நாள்லேருந்து அந்தக் கடைசி லேன்மேலதான் கண்ணு. அங்கதான் பேச்சும் சிரிப்புமா இருக்காங்க. சம்பந்திய தனியா விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்னு இங்கயே கிடந்தேன். உங்ககூட என்ன பேச்சு கண்டேன்? நீங்க பாதி நேரம் தண்ணிக்குள்ள."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. தண்ணீர் புரையேறியது. சம்பந்தி பழக்கதோஷத்தில் அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

"மருமககிட்ட நானே சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்வீங்க?"

"கண்ணு சரியில்லாம தோளைக் குத்தம் சொல்லிட்டேன்னு" என்று கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கினார். உடனே குரல் மாறியது. "ஆனா ஒண்ணு. அந்தக் கோடிலேருந்து வந்தப்ப நல்லாப் பாத்தேன். இடது கை சுத்தமா மேல வருது. வலது கை தண்ணியத் தடவிக்கிட்டு வருது. நாலு மாசம் சும்மா வெச்சிருந்தா எந்தக் கைதான் சோம்பேறி ஆகாது? வேலை குடுங்க அதுக்கு."

கயிறுகளுக்கு அடியில் ஒவ்வொன்றாகக் குனிந்து, சம்பந்தி வம்பு லேனுக்குப் போய்ச் சேர்ந்தார். போனதும் பேச்சில் கலந்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் கயிற்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார். புதிதாகக் கிடைத்த தூரத்தை அவ்வளவு சீக்கிரம் விட மனசில்லை போலிருந்தது.

அவள் மீண்டும் சுவரை உதைத்தாள். பட்டர்ஃப்ளையில் தலை மேலே வரும் நொடியில் மட்டும்தான் காது திறக்கும்.

"வலது கை..."

மூழ்கினாள்.

"...இன்னும் கொஞ்சம் மேல..."

மூழ்கினாள். வலது கையைத் தோளிலிருந்து பிடுங்குவது போல உயர்த்தினாள். அது நிஜமாகவே கனத்தது.

"...அப்படியில்ல, முழங்கைய மடக்காம..."

மூன்று லேனுக்கு அப்பாலிருந்து வந்த அந்தக் குரலில் சம்பந்தி மரியாதை துளிகூட இல்லை. வார்டு முழுக்க எதிரொலித்திருக்க வேண்டிய அதட்டல் அது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் முங்கினாள். தலை அடுத்த முறை மேலே வந்தபோதும் அந்த வாக்கியம் முடிந்திருக்கவில்லை.