ஊஞ்சலில் ஏறிய எஞ்சின்

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுவதையும் ஒரே ஊஞ்சலில் உட்காரவைத்து ஆட்டியவன் நான். சொன்னால் தெருவோரத் தேநீர் ஒட்டுக்கடையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். எதிர் நாற்காலிச் சிவசம்பு மட்டும் சிரிப்பதில்லை. "பொய்" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு விளையாட இருந்த ஒரே இடம் தண்டவாளத்து ஓரம். ரயில் வந்தால் ஓட வேண்டும், போனால் ஆடலாம். பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. நான் ரயில்வே பட்டறை ஃபிட்டர். கழித்துப்போட்ட தண்டவாளத் துண்டு, அதற்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை, லோரி டயர், கிள்ளான் துறைமுகத்துப் பழைய சங்கிலி என்று ஊர் வேண்டாமென்றதையெல்லாம் கேட்டு வாங்கி, பின்புறத் திடலில் ஊஞ்சல் கட்டினேன். ஆட்டினால் ஒரு முனை பிரிக்பீல்ட்ஸ், மறுமுனை பல மைல் தள்ளிச் சுங்கை பூலோ.

மறுவாரமே ஓர் அதிகாரி லோரியோடு வந்தார். குப்பை, பாரம் தாங்காது, அள்ளப் போகிறேன் என்றார். பக்கத்து வீட்டு மாரியாயி என் காதில், ஒரு சூலத்தை நட்டு மஞ்சள் துணி கட்டிவிட்டால் எவனும் தொடமாட்டான் என்றாள்.

"வேணாம்லா. சாமி வந்துட்டா, செருப்பக் கழட்டு, சத்தம் போடாதேன்னு பிள்ளைங்களத்தானே வெரட்டுவீங்க. இது ஊஞ்சல். ஊஞ்சலாவே நிக்கட்டும்" என்றேன்.

அதிகாரி என்னை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையில் நின்ற சிவசம்புவிடம் கேட்டார். ரயில்வே அலுவலகத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா; யாழ்ப்பாணத்துக்காரர். அந்த உடம்பு நுழைய வேண்டுமென்றால் வாசலை இடித்துத்தான் கட்ட வேண்டும். ஊஞ்சல் ஒடியும் என்று முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தவர், அதையே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"புதுப் பாலமெண்டா முதல்ல பாரமான எஞ்சினை விட்டுப் பாக்கிறதெல்லோ? இதில ஆர் விட்டுப் பாத்தது?"

"நியாயந்தான் ஐயா. எஞ்சின் நீங்க. ஏறுங்க."

பிள்ளைகள் போய் லோரியை மறித்து அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். சிவசம்பு குடையை மனைவி பூரணத்திடம் கொடுத்துவிட்டு ஏறினார். சங்கிலி முனகியது காஜாங் ஊர் வரை கேட்டிருக்கும். ஆனால் தாங்கியது. பூரணமும் குடையோடு ஏறினார். பிறகு மாரியாயி, அவள் மாமியார், பால்காரர், கடைசியில் லோரி டிரைவர். நான் ஆட்டினேன். அதிகாரி கிளம்பலாம் என்றார். டிரைவரைத்தான் இறக்க முடியவில்லை.

நேற்று ஒட்டுக்கடையில் இதைச் சொல்லும்போது, உயரே போன சிவசம்பு இறக்கிவிடு என்று அலறினார் என்றும் சேர்த்துவிட்டேன். பேப்பர் மடங்கியது.

"நடந்ததுதான்," என்றார் சிவசம்பு. "ஆனா நான் கத்தேல்லை. இன்னும் ஒருக்கா ஆட்டச் சொன்னனான்."