ஒரு கீறலும் இல்லை

கஜீவன் குறட்டால் கம்பியை நறுக்கினான். ஒழுங்கை முகப்பில் கட்டியிருந்த பதாகை ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. அதில் கோபிகா சிரித்துக்கொண்டிருந்தாள். கலியாணப் படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அவள் தோளில் அவனுடைய கை மிஞ்சியிருந்தது. கீழே கறுப்பு எழுத்து: கோர விபத்தில் எம்மைப் பிரிந்த சகோதரிக்குக் கண்ணீர் அஞ்சலி.

இளைஞர் கழகத்து ஜெயரூபன் ஓடி வந்தான். "என்னண்ணை செய்யிறியள்? எழுத்துப் பிழையோ?"

"ஓம்."

"எதிலை?"

"விபத்திலை."

ஜெயரூபன் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் பார்த்தான். "சரியாத்தானே கிடக்கு."

"டெங்கிலையடா செத்தவள்."

"எங்களுக்கு என்னண்ணை தெரியும்? மோட்டச்சைக்கிளிலை அடிபட்டது எண்டு உங்கடை மாமிதானே சொன்னவ. வாற சனம் எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுறா."

கஜீவன் மற்றப் பக்கக் கம்பியையும் நறுக்கினான். பதாகையைச் சுருட்டிக் கமக்கட்டில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

மோட்டார் சைக்கிள் பந்தலை ஒட்டி நின்றது. பருத்தித்துறையில் தொடங்கிக் கரையோரமாகவே தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவதென்று இரண்டு பேரும் ஆசைப்பட்டு வாங்கியது. மேடுபள்ளம் பாராமல் ஓடக்கூடிய உயரமான வண்டி. முன்னால் தடித்த இரும்புக் காப்பு, பின்னால் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. கடையிலிருந்து உரும்பிராய் வீட்டுக்கு வந்ததுதான் அதன் ஓட்டம் முழுவதும்.

கோபிகா காய்ச்சலில் கிடந்த நாட்களில் இடப்பக்கத்துப் பெட்டி பொருந்தாமல் அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவன் உள்ளே வந்தபோது, கோபிகாவின் தாய், மாமி அருமைநாயகி, கொத்தமல்லித் தண்ணீரோடு குறுக்கே நின்றாள்.

"காய்ச்சல் விட்டிட்டுது தம்பி. தொட்டுப் பாருங்கோ, பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்கு. இனி என்னத்துக்கு ஆஸ்பத்திரி? அங்கை போனால்தான் வருத்தம் வரும்."

கோபிகாவும் படுத்தபடி சிரித்தாள். "நீங்கள் போய் உங்கடை பெட்டியைப் பூட்டுங்கோ."

அவன் போய்ப் பெட்டியை வண்டியில் பூட்டினான். டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரந்தான் ஆபத்தான நேரம் என்று பிறகு வைத்தியர் சொன்னார். மாமியும் பக்கத்தில் நின்று கேட்டாள்.

கஜீவன் பதாகையோடு வீட்டுக்குள் போனான். "மாமி, ஒருக்கால் எழும்பி வாங்கோ."

பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனான். பதாகையை அவள் காலடியில் எறிந்தான்.

"எந்தச் சந்தியிலை அடிபட்டது? சொல்லுங்கோ. எனக்கும் தெரிய வேணுமெல்லே."

மாமி பதாகையைப் பார்த்தாள். குனிந்து படத்தின் பக்கத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"ஓட்டினது நானெண்டால் சாக்காட்டினதும் நான். உதுதானே கதை?"

"எல்லாரும் கேக்கினம் தம்பி." "எத்தினை நாள் காய்ச்சல், எப்ப கொண்டு போனியள், ஏன் முந்திக் கொண்டு போகேல்லை எண்டு... ஒவ்வொருத்தரா வந்து வந்து கேக்கினம். கேக்கக் கேக்க..."

"அதுக்கு?"

அவள் சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சொல்லுகிறேன், எல்லாருக்கும் சொல்லுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே கஜீவன் வெளியே வந்தான்.

முற்றத்தில் பறை முழங்கிக்கொண்டிருந்தது. கோபிகாவின் பெரியப்பா சீவரத்தினம் வவுனியாவிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மோட்டார் சைக்கிளை ஒருதரம் சுற்றி வந்தார். முன்சில்லைத் தட்டினார். காப்பைத் தடவினார்.

"உதென்ன அதிசயம் தம்பி? ஒரு கீறலும் இல்லையே! பெட்டைக்கு மட்டும் எப்பிடி அடிபட்டது?"

பறைக்காரர் கை ஓய்ந்த நேரம். பந்தலில் இருந்த அவ்வளவு பேருக்கும் அது கேட்டது. வாசலில் மாமி வந்து நின்றாள். கொத்தமல்லி என்ற சொல் கஜீவனுடைய நுனிநாக்கில் இருந்தது. அந்த ஒரு சொல் போதும். மிச்சத்தை ஊரே சொல்லும்.

மாமி அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் காலைத் தூக்கி இருக்கையில் உதைத்தான். வண்டி ஆடி நின்றது. இன்னொரு தரம், முழுப் பலத்தோடு உதைத்தான். அது சீமெந்தில் விழுந்தபோது பின்பெட்டி நசிந்தது. பக்கக் கண்ணாடி தெறித்துச் சிதறியது.

"உனக்கென்ன விசரோடா!" சீவரத்தினம் பாய்ந்து விலகினார்.

"இந்தா கிடக்கு கீறல், மாமா. வடிவாப் பாருங்கோ."

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐயர் கைகாட்ட, பிரேதப் பெட்டியைத் தூக்கினார்கள். கஜீவனின் தோளில் கொள்ளிக்குடத்தை ஏற்றினார்கள். காவுகிறவர்கள் வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கினார்கள்.

மாமி அவர்களுக்கு முன்னால் ஓடிவந்து குந்தினாள். கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டாள். மூத்த பெண்ணொருத்தி எழுப்பப் போனாள். மாமி கையை உதறிவிட்டாள்.

"தம்பி, பேந்தென்ன, நடவுங்கோ," என்றார் ஐயர்.

கடைசித் துண்டையும் அவள் எடுக்குமட்டும் கஜீவன் குடத்தோடு நின்றான்.