நபவியாவின் கலிமா விரல்

சாட்சிக் கூண்டில் நின்று ரஷ்வானை நோக்கி நீட்டிய விரலை நபவியா அதன்பின் பதினேழு ஆண்டுகள் மடக்கவில்லை. மடக்க முடியவில்லை. வலது கையின் கலிமா விரல் அது. இறைவன் ஒருவனே என்று தொழுகையில் உயர்த்துகிற விரல். நீதிமன்றத்திலிருந்து ஊர் திரும்பும் வழியெல்லாம் அது வேனின் பின்கண்ணாடியைக் காட்டிக்கொண்டே வந்தது. ரஷ்வானைக் கெய்ரோச் சிறைக்கு மாற்றிய அன்று கையோடு வடக்கே திரும்பிக்கொண்டது. அவன் எங்கே இருக்கிறான் என்று அரசாங்கத்தின் கடுதாசி வந்து சேருவதற்கு முன்பே எங்களுக்கு அந்த விரலைப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் மாதம் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தோம். இரண்டாம் மாதம் வெங்காயம் விலை ஏறியது, அதைப் பேசப் போய்விட்டோம்.

நடந்தது இதுதான். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை யாருடையது என்ற தகராறில் நபவியாவின் மூத்த மகன் ஃபர்கலி கால்வாய்க் கரையில் சுடப்பட்டுச் செத்தான். சுட்டவன் கினாவி. கோழி திருடுகிறவன், கஞ்சா ஏறினால் சொந்தக் கழுதையோடு வாய்ச்சண்டை போடுகிறவன். மகனுக்குச் சோறு கொண்டுபோன நபவியா அதைக் கண்ணால் பார்த்தாள். கினாவி அன்றே லிபியாப் பக்கம் ஓடிவிட்டான், திரும்பவே இல்லை. எங்கள் பக்கத்தில் பழி வாங்கும்வரை கொலையுண்டவன் வீட்டில் துக்கம் விசாரிக்க விடமாட்டார்கள். நாற்காலி போடமாட்டார்கள், காபி ஊற்றமாட்டார்கள். பழி என்பதும் கைக்கு அகப்பட்டவனைக் கொல்வதில்லை. போனவனுக்குச் சமமானவன் போக வேண்டும். ஃபர்கலி அந்தக் குடும்பத்திலேயே முதலில் படித்தவன், யாரையும் அதட்டிப் பேசாதவன். அதனால்தான் இளையவன் தியாப் தாயிடம் குதித்தான்.

"அந்தக் கோழித் திருடன் உசுரும் எங்கண்ணன் உசுரும் ஒண்ணாம்மா? அவனக் கொன்னா ஊரே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். அவங்க வீட்டுல நல்லவன் யாரு? ரஷ்வான் வாத்தியாரு. துப்பாக்கிய எடு, நான் போறேன்."

"நீயும் ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாருடா இருக்கா?" என்றாள் நபவியா. "நீ போவேணாம். நான் பாத்துக்கிறேன்."

அங்கேதான் தப்பு நடந்தது. வழக்கத்தை விடவும் மனமில்லை, மிச்சமிருந்த மகனை விடவும் மனமில்லை. சுட்டவன் ரஷ்வான் என்று சாட்சி சொல்லி, பழியைத் தூக்கி அரசாங்கத்தின் கையில் கொடுத்துவிட்டாள். ரஷ்வான் கினாவியின் பெரியப்பா மகன், கணக்கு வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக்கொடுத்தவன்; நபவியாவின் விதவைப் பென்ஷனுக்கு எழுதியதும் அவன்தான். கினாவி சுட்ட நேரத்தில் ரஷ்வான் வீட்டில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தவள் அவன் மனைவி ஸனியா மட்டும். மனைவி சொல்லை யார் எடுத்தார்கள்? கினாவிதான் சுட்டான் என்று ரஷ்வான் வீட்டார் கத்தியபோது, ஓடிப்போனவன் தலையில் போடுகிறார்கள் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பெற்றவளே விரல் நீட்டிச் சொன்னபின் வேறு பேச்சில்லை. வழக்கப்படி காகிதங்கள் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் முஃப்தியிடம் போய்த் திரும்பின, தூக்கு என்று தீர்ப்பாயிற்று. ஊரில் எங்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். இரண்டு வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று இருந்தோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பீல், மேல் அப்பீல் என்று நான்கு ஆண்டுகள் இழுத்தது. விரல் வடக்கே நீண்டபடி இருக்க, நபவியா இடக்கையால் மாவு பிசையவும் ஆடு கறக்கவும் பழகிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் ரஷ்வான் பிழைப்பான் என்பது அவளுக்குத் தெரியும். ஒருநாள் ஸனியா அவள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பெரியம்மா, அவரு எங்க இருக்காருன்னு ஒங்க வெரலு சொல்லுது. ஒங்க வாயி எப்பச் சொல்லும்?"

"கரும்பு வெட்டு முடியட்டும்டி. நானே போயிச் சொல்றேன்."

கரும்பு வெட்டு முடிந்தது. தியாபின் கல்யாணம் வந்தது. பிறகு மருமகளின் பிரசவம். "வாயத் தொறந்தா பொய்ச்சாட்சின்னு ஒன்னத் தூக்கி உள்ள வைப்பாம்மா" என்று தியாப் தினமும் பயமுறுத்தினான். ஒருமுறை மாவை வெயிலில் பொங்கவைத்துச் சுடும் வெயில் ரொட்டி நான்கைத் துணியில் கட்டிக்கொண்டு அவள் ரயிலடிவரை போனாள். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். ரயில் நேரத்துக்கு வந்திருந்தால் என்று இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. நான் விடமாட்டேன். மறுநாளும் ரயில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, நான்கு ஆண்டுகள் வடக்கே நின்ற விரல் சட்டென்று தரையைப் பார்த்துத் தொங்கியது. தூக்கிலிடும் நாளை எங்கள் நாட்டில் வீட்டாருக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. ஊரில் முதலில் தெரிந்துகொண்டவள் நபவியாதான். கையைக்கூடக் கழுவாமல் தெருவில் நடந்து ஸனியாவின் வீட்டுக்குப் போனாள். ஸனியா புறாக்களுக்குச் சோளம் இறைத்துக்கொண்டிருந்தாள். அந்த விரலைப் பார்த்தாள்.

"எப்ப?"

"இப்பத்தான்."

ஸனியா சோளத்தை முழுவதும் இறைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அன்று பிற்பகலே தியாப் பந்தல் போட்டு, நாற்காலிகள் வரவழைத்து, அண்ணனுக்கான துக்க விசாரிப்பை நான்கு ஆண்டுகள் பிந்தித் தொடங்கினான். குர்ஆன் ஓதுகிறவர் வந்தார், சர்க்கரையில்லாத காபி சுற்றி வந்தது. அதற்குள் நபவியாவின் விரல் மறுபடி உயர்ந்து, வடக்குச் சாலையைக் காட்டி, மெல்ல மெல்லத் திரும்பத் தொடங்கியது. உடலை ஏற்றிய வண்டி வந்துகொண்டிருந்தது. விரலை நீட்டியபடியே அவள் ஆண்கள் உட்கார்ந்திருந்த பந்தலின் நடுவில் வந்து நின்றாள்.

"காபியக் கொட்டுங்க. சுட்டது கினாவி. நான் பாத்தேன்."

தியாப் எழுந்து வெளியே போய்விட்டான். நாங்கள் கையிலிருந்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் விரல் போன வழியில் மயானத்துக்கு நடந்தாள். வண்டியும் அவளும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

மறுவாரம் ஆடு விற்று டிக்கெட் எடுத்து நகரத்துக்குப் போய் நீதிமன்ற அலுவலகத்தில் ஒரு மேசை முன் நின்றாள். "ஆளும் போயாச்சு, பைலும் மூடியாச்சு. வயசான காலத்துல ஒனக்கு எதுக்கும்மா இது?" என்று டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தண்டித்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப்பின் பதின்மூன்று ஆண்டுகள் விரல் மயானத்தைக் காட்டியது. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் அங்கேதான். தொழுகையிலும் அது கிப்லாவின் திசைக்கு, எங்களுக்குக் கிழக்கே இருக்கிற மக்காவின் பக்கம், வரவில்லை. மார்க்கத்தில் இதற்குத் தடையில்லை என்று இமாம் சொன்னார். ஆனாலும் ஒவ்வொரு தொழுகையிலும் அவள் அழுதாள்.

அவள் இறந்தபோது குளிப்பாட்டிய பெண்களால் விரலை மடக்க முடியவில்லை. அப்படியே கஃபன் துணியைச் சுற்றினார்கள். தியாப் வெட்டச் சொன்ன குழி மயானத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. அங்கே கிப்லாவைப் பார்க்கப் படுக்கவைத்தால் விரல் மேற்கே கிடந்த ரஷ்வானை நோக்கி முதுகுப் பக்கம் திரும்பிக்கொள்ளும். என்ன செய்வதென்று ஆண்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது ஸனியா வந்தாள். ரஷ்வானுக்கு மேற்கே, தனக்கென்று வைத்திருந்த இடத்தைக் காலால் கோடு போட்டுக் காட்டினாள்.

"இங்க வைங்க. மன்னிச்சுட்டேன்னு யாரும் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. அந்த வெரலு இனியாவது கிப்லாவப் பாக்கட்டும்."

அங்கேயே வெட்டினோம். வலப்பக்கம் சாய்த்துக் கிடத்தியபோது விரல் நேராகக் கிழக்கே நீண்டது. அந்தத் திசையில் முதலில் ரஷ்வான், அவனுக்கு அப்பால் மக்கா. அது இரண்டில் எதைக் காட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை. மண்ணைத் தள்ளி மூடினோம். ஸனியா தனக்குச் சுவரோரமாக வேறு இடம் பார்த்து வைத்தாள்.