இரண்டாம் கடல்

எங்கள் கிடங்கில் நாலாயிரம் பெட்டிகள் இருக்கின்றன. துளைப்பொறி பூமிக்குள்ளிருந்து உருவி எடுத்த கல் உருளைகளை வரிசையாக அடுக்கிய பெட்டிகள். பதினேழு வருடமாக அவற்றைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. கழுத்து போய்விட்டது, கண் போய்க்கொண்டிருக்கிறது, வேலை மட்டும் தீர்ந்தபாடில்லை.

அத்தனை பெட்டியும் சொல்வது ஒரே கதை. ஒரு காலத்தில் இங்கே மலை வளர்ந்தது. அதன் பாரத்தில் முன்னால் இருந்த தரை குழிந்தது. குழிக்குள் கடல் புகுந்து கறுப்புச் சேற்றைப் படியவிட்டது. பிறகு மலை தேயத் தேய, ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கடலை வெளியே தள்ளின. அடியில் சேறு, மேலே மணல். அவ்வளவுதான்.

அதில் என் கணவர் ஒரு திருப்பம் கண்டுபிடித்தார். ஆறு வந்த பிறகு கடல் இன்னொரு முறை திரும்பி வந்ததாம். ஆதாரம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பெட்டி. அதில் மட்டும் மணலுக்கு மேலே சேறு. அந்தக் கட்டுரைக்குப் பிறகு அலுவலகத்தில் அவருக்கு 'இரண்டாம் கடல்' என்றே பெயர். இரண்டு முறை கைநழுவிப் போன தலைமைப் பதவி இந்த முறை வந்துவிடும் என்று இருந்தார். தேர்வுக் குழு மதியம் பெட்டியை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது.

காலையில் பெட்டியைத் துடைத்து வைக்கப் போனேன். தண்ணீர் தெளித்ததும் மணல் பளிச்சென்று தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். ஒவ்வோர் அடுக்கிலும் பருமணல் மேலே, பொடிமணல் கீழே. தண்ணீரில் பருமணல்தானே முதலில் அடிக்குப் போகும்? ஒரு அடுக்கு ஏமாற்றலாம். ஒன்பதுமா?

உருளைகள் தலைகீழாக இருந்தன. திருப்பி வைத்தால் சேறு கீழே, மணல் மேலே; மற்ற பெட்டிகளின் அதே பழைய கதை. அடுக்கியவள் நான். எது மேல்பக்கம் என்று தெரிய உருளை நெடுகச் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கோடு போடுவோம். நிமிர்த்தினால் சிவப்பு வலப்பக்கம் வரவேண்டும். அந்தக் கோடும் நான் போட்டதுதான். எட்டு வருடத்துக்கு முன், மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து மூன்று முறை போன் வந்த நாள். அவசர அவசரமாக அடுக்கிக் கோட்டை இழுத்துவிட்டு ஓடியிருக்கிறேன்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். சொன்னேன். உருப்பெருக்கியைக்கூட அவர் எடுக்கவில்லை.

"இப்ப எதுக்கு இதப் போய் நோண்டற?"

"நோண்டலங்க. துடைச்சேன், தெரிஞ்சுது."

"நீ ரொம்பக் களைச்சிருக்க. போய் ஒரு டீ குடி."

"களைப்பு எனக்குத்தான். மணலுக்கு இல்லையே."

அவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டே வெளியே போய்விட்டார்.

மூன்று மணிக்குக் குழு வந்தது. தலைவியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இதுதானா அந்தக் கடல்?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் வீட்டில் ஒருவராவது சந்தோஷமாக இருப்பார் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நாளைக்கு அடுத்த பெட்டியை எந்த முகத்தோடு திறப்பது?

"இல்லைங்க. கடல் ரெண்டாவது தடவ வரவே இல்ல. நான்தான் தலைகீழா அடுக்கிட்டேன். நானே இன்னைக்குக் காலைலதான் பார்த்தேன். இவருக்கு எதுவும் தெரியாது."

தலைவியம்மா அவரைப் பரிவோடு பார்த்தார். "தப்பு உங்களோடது இல்லையே. அப்ப இத வச்சு உங்க பதவிய நிறுத்த வேண்டியதில்ல."

தலையாட்டினால் போதும். பதவி அவருக்குத்தான். அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "நாலு வருஷமாத் தெரியும்."

குழு அதிக நேரம் நிற்கவில்லை. கதவு சாத்தியதும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "மறைச்சது எனக்காகவா, உங்களுக்காகவா?"

"மொதல்ல உனக்காகத்தான். அப்புறம்... பேர் வந்துடுச்சு."

சட்டைக் கையை மடித்துவிட்டு உருளையின் மறுமுனையைப் பிடித்தார். ஒவ்வொரு துண்டாகத் திருப்பி வைத்தோம். பழைய கோட்டை நான் அழித்தேன், புதுக் கோட்டை அவர் போட்டார். சிவப்பு வலப்பக்கம்தானா என்று நான் இரண்டு முறை பார்த்தேன்.