இரண்டு முறை பொதிந்த முகவரி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள். தான் செய்த பூட்டில் தானே மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கதை இது.

ஒரு மருந்துக் கிடங்கில் கதவுகளுக்குச் சாவி இல்லை. கைப்பேசிக்கு ஓர் இணைப்பு வரும், தொட்டால் திறக்கும். அதற்கு நிரல் எழுதியவள், புதிதாகப் பூட்டு மாட்டிய பின்னறையைச் சோதிக்க உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இணைப்பைத் தொட்டாள். "அப்படி ஓர் அறை இல்லை" என்றது திரை.

ஜன்னல்கூட இல்லாத அந்த இல்லாத அறையில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. மணி மூன்றரை. நாலு மணிக்குப் பள்ளி வேன் அவளுடைய ஐந்து வயது மகளைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போய்விடும். கணவன் வெளியூரில்.

"வாட்ச்மேன் அண்ணே! சாவி ஏதாச்சும் இருக்கா?" என்று கதவைத் தட்டினாள். வெளியிலிருந்து குரல் வந்தது:

"சாவித் துவாரத்தையே அடைக்கச் சொன்னது நீங்கதானே தங்கச்சி?"

"குத்திக் காட்டாதீங்க. உடைக்க முடியாதா?"

"இரும்புக் கதவு. உடைக்கிற ஆள் வர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். நான் போய்ப் பாப்பாவைக் கூட்டிட்டு வரட்டா?"

"வரமாட்டா. தெரியாதவங்ககூடப் போகாதேன்னு நானேதான் சொல்லி வெச்சிருக்கேன்."

"எல்லாத்தையும் நல்லாத்தான் பூட்டி வெச்சிருக்கீங்க!"

சுவர்கள் நெருங்கி வருவதுபோல இருந்தது. வாட்ச்மேன் போனிலாவது திறக்காதா என்று இணைப்பை நகலெடுத்துச் செய்தியில் ஒட்டினாள். முகவரி முழுசாக விரிந்தது: back%2520store.

அதைப் பார்த்ததும் புரிந்துபோனது. வலை முகவரியில் இடைவெளி ஆகாது. நிரல்மொழியோடு வரும் நூலகம் என்கிற ஆயத்த நிரல்தொகுப்பே அந்த இடத்தில் %20 என்று பொதிந்துவிடும். இவளோ பத்திரமாக இருக்கட்டுமென்று அதையே இன்னொரு முறை பொதியச் சொல்லியிருந்தாள். அதில் % குறியே %25 ஆகிவிட்டது. கதவோ ஒரு முறைதான் பிரிக்கும், அதனால் back%20store என்ற பெயரில் அறையைத் தேடியது. மற்ற அறைகளுக்கு ஒற்றைச் சொல் பெயர், அதனால் தப்பித்தன. இதற்குத்தான் காலையில் back store என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்தாள்.

அந்த 25-ஐ அழித்துச் செய்தியை அனுப்பினாள், அதிலிருந்த இணைப்பைத் தொட்டாள்.

டக்.

"சாத்திடாதீங்க அண்ணே!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். தெருமுனையில் வேன் அப்போதுதான் கதவைத் திறந்தது.

"ஏம்மா இப்படி மூச்சு வாங்குறே?" என்றாள் மகள். அம்மா அவளை வாரி அணைத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டுக் கதவுகள் உள்ளே இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் ஒரே தட்டில் திறக்கட்டும், என் தங்கங்களே. பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில் வாசலில் எப்போதும் ஓர் ஆள் நிற்கட்டும்.