கட்டில் கம்பியில் ஒரு தட்டு

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். அப்பேர்ப்பட்டவள் ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், உள்ளங்கை அகலத்துக்கு மேல் திறக்காத ஜன்னல் பக்கத்தில், இருபத்தொரு நாள் மாட்டிக்கொண்டு கிடந்தேன் என்று தெரிந்தால் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

நானும் என் வீட்டுக்காரரும் அந்த நாட்டுக்குப் போனது ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க. மூன்றரை வயதுக் குழந்தை. இரண்டு வருடமாகக் கேட்ட காகிதத்தையெல்லாம் கொடுத்து, கேட்காத காகிதத்தையும் கொடுத்து, கடைசியில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. போய் இறங்கினால் காப்பகத்தில் குழந்தை இல்லை. தொடை எலும்பில் சீழ் பிடித்து, காய்ச்சல் கொதித்து, முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். துணைக்கு அனுப்பக் காப்பகத்தில் ஆள் இல்லை, நீங்கள் கூட இருக்க முடியுமா என்று கேட்டார்கள். இது என்ன கேள்வி? பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஓடினேன்.

ஐந்தாம் நாள் அதே வார்டில் இன்னொரு குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் தரையோடு ஒரு சிவப்புப் பட்டையை ஒட்டி வார்டையே அடைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் இருபத்தொரு நாள் உள்ளேதான். வேண்டுமானால் வெளியே போகலாம், ஆனால் போனால் திரும்பி வர முடியாது. எனக்கு ஒன்பது வயதிலேயே அம்மை வந்துபோய்விட்டது, நான் போய்வந்தால் ஒன்றும் ஆகாது என்று தலைகீழாக நின்று பார்த்தேன். அதற்கு அத்தாட்சி கேட்டார்கள். கன்னத்துத் தழும்பைக் காட்டினேன். தழும்பில் டாக்டர் கையெழுத்து இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து சோப்பு வாங்கக் கீழே போயிருந்தார். சோப்பும் கையுமாக அப்படியே வெளியில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு தினமும் எதிர்ப்பக்கம் டயர் கடைக்கு முன்னால் இருக்கும் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பார். நான் ஜன்னலிலிருந்து கையாட்டுவேன், அவர் போனைக் காதில் வைப்பார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். லீவு முடிந்து, நாங்கள் வந்த எட்டாம் நாள் ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏற முடியாது என்று பிறகு போனில் சொன்னார். நான் அந்தச் சிறிய திறப்பில் மூக்கை வைத்துக்கொண்டு டயர் வாசனையைப் பிடித்தபடி நின்றேன்.

நான்கு கட்டில், ஒரு கழுவுதொட்டி, ஒரு சுவர்க்கடிகாரம், விரித்தால் படுக்கையும் மடித்தால் நாற்காலியும் ஆகிற ஒரு சாமான். அந்தச் சாமானில் விரித்தும் படுக்க முடியாது, மடித்தும் உட்கார முடியாது. சாப்பாட்டு வண்டியைச் சிவப்புப் பட்டைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு மணி அடிப்பார்கள். ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் பதினோரு அடி வைக்கலாம். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனால் பதினான்கு. இரண்டையும் நான் எத்தனை முறை நடந்தேன் என்று என் முட்டியைத்தான் கேட்க வேண்டும்.

குழந்தைக்கு என் வீட்டுக்காரர் வைத்த பெயர் மிளகாய். முதல் நாளே அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். மொட்டைத் தலை, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. தொடைப் புண்ணைத் துடைக்க அந்த மாவுக்கட்டில் ஒரு சதுரத்தை வெட்டி வைத்திருந்தார்கள். கையில் சொட்டு மருந்து ஊசி. ஊட்டினால் வாயைத் திறப்பாள், ஆனால் ஸ்பூனைத்தான் பார்ப்பாள். பசித்தாலும் கேட்க மாட்டாள், நனைந்து கிடந்தாலும் கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால் ஆள் வரும் என்று அவளுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை போல. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும், யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியாது.

அவள் அழுதது ஊசிக்கு மட்டும்தான். பூட்டிய வார்டில் நர்ஸுகள் குறைவு. ஊசித் தட்டோடு வரும்போதே தலைமை நர்ஸ் என்னைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஜாடை காட்டுவாள். அவளுக்கும் எனக்கும் பொதுவாக ஓர் அரைகுறை மொழி இருந்தது, அதில்தான் எங்கள் பேச்செல்லாம். நான் மிளகாயின் தோளையும் கையையும் அமுக்கிப் பிடிப்பேன். பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லடா" என்பேன். என் மொழி அவளுக்குத் தெரியாது, குரலிலாவது ஆறட்டும் என்று நினைத்தேன்.

வந்த ஒன்பதாம் நாள் காலை தண்ணீர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். பெரிய சத்தம். பக்கத்துக் கட்டில் குழந்தையின் அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஒண்ணுமில்ல" என்று குனிந்து துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மிளகாய் நடுங்கிக்கொண்டிருக்கிறாள். ஊசி குத்திய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருக்கிறாள். வார்டில் நர்ஸும் இல்லை, ஊசித் தட்டும் இல்லை. எனக்கு விளங்க அரை நிமிடம் ஆயிற்று. என்னிடமிருந்து அவள் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அது. அவளுக்கு அதன் அர்த்தம் வலி.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஏனென்றால் என் தொழிலில் சொல்லவே கூடாத வார்த்தை அது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், மேலே ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்குவார், வெளிக்கதவுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். சுற்றும்போது பெட்டி குலுங்கும். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் குலுக்கினால் உள்ளே இருப்பவர்கள் செத்தோம் என்று அலறுவார்கள். அதற்குப் பிறகு என் குரலை நம்ப மாட்டார்கள். அழுகிறவர்கள் காதில் சொல் ஏறாது என்பதால் நாங்கள் ஸ்பானரால் கதவில் தட்டுவோம். இரண்டு தட்டினால் இப்போது குலுங்கும், பிடித்துக்கொள். ஒரு தட்டு தட்டினால் நின்றுவிட்டது, முடிந்தது, மூச்சு விடு. எந்த வீட்டுக் கிழவரும் எந்த ஆபீஸ் அதிகாரியும் இரண்டாவது முறையே புரிந்துகொண்டுவிடுவார்கள். ஊரார் கதவிலெல்லாம் ஒழுங்காகத் தட்டிவிட்டு, என் பிள்ளையிடம் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்குப் புண் துடைக்க நர்ஸ் வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். விரல் முட்டியால் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினேன். பிறகு பிடித்தேன். கத்தினாள், உதைத்தாள். முடிந்ததும் ஒரு தட்டு. நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நாலைந்து நாள் அடைந்து கிடந்ததில் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். தட்டாமல் யாரும் வலிக்க வைக்கக் கூடாது. தட்டிவிட்டால் வலிக்காமல் இருக்கவும் கூடாது. முடிந்த பிறகு ஒரு தட்டு தப்பக் கூடாது. ரத்தம் எடுக்க வந்த ஒரு சின்ன நர்ஸ் நான் தட்டுவதற்குள் ஊசியை நீட்டியபோது அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். எள்ளும் கொள்ளும் வெடித்தது அவள் முகத்தில். வெடிக்கட்டும் என்று நிதானமாக இரண்டு தட்டினேன்.

அழுகை நிற்கவில்லை. ஆனால் தட்டாத நேரத்தில் மிளகாய் உடம்பைத் தளர்த்த ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போனாலே விறைத்தவள், இப்போது முதலில் என் கையைப் பார்ப்பாள். கை சும்மா இருந்தால் வாயைத் திறந்து சாப்பிடுவாள். ஸ்பூனை விட்டுவிட்டு என் விரல் முட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். முகத்தை இன்னும் பார்க்கவில்லை. முட்டி வரைக்கும் வந்துவிட்டாளே, முகத்துக்கு எவ்வளவு தூரம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் கடிதம் வந்தது. பூட்டின பதினான்காம் நாள் அரசு அலுவலர் ஒருவர் வருவார், அரை மணி நேரம் எங்களைப் பார்ப்பார். குழந்தை இந்தப் பெண்ணிடம் ஒட்டுகிறதா இல்லையா என்று எழுதுவார். இல்லை என்று எழுதினால் கோப்பு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னார்.

"அன்னைக்கு ஒரு நாளாவது கொஞ்சம் சிரிச்சு வை. உன் மூஞ்சியப் பாத்தா ஓடுற லிஃப்டே நின்னுடும்."

"வைங்க போனை," என்றேன். அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பதினான்காம் நாள் என் தலையெழுத்து, காலையிலேயே மிளகாயின் கை வீங்கிவிட்டது. ஊசி நரம்பை விட்டு விலகியிருந்தது. மருந்து நேரத்தைத் தள்ளிப்போட முடியாது, அலுவலர் வருகிற நேரத்தில்தான் புது ஊசி குத்தியாக வேண்டும். தலைமை நர்ஸ் என்னைக் கழுவுதொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீங்க பிடிக்காதீங்க. அந்த ஓரமாப் போய் நில்லுங்க, நாங்க பிடிச்சுக்கறோம். குத்தி முடிச்சதும் பொம்மையோட வாங்க. உங்களைப் பாத்தா அழுகையை நிறுத்தும். அவர் நல்லதா எழுதிட்டுப் போவார்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஒரு நாள், ஒரே ஒரு ஊசி. பொம்மையைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மிளகாய் என் கையைத் தேடிக்கொண்டிருந்தாள். ஊசித் தட்டு வருவதை அவளும் பார்த்துவிட்டாள், நான் எப்போது தட்டுவேன் என்று காத்திருந்தாள். தட்டாமல் போனால் இத்தனை நாள் தட்டியதெல்லாம் பொய். தட்டிவிட்டு ஓரமாகப் போனால், முடிந்தது என்று சொல்ல ஆள் இல்லை. பொம்மையை வைத்துவிட்டேன். நானே பிடிக்கிறேன் என்றேன். நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அலுவலர் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார். சின்ன வயதில் அம்மை போட்டவர் என்பதால் இவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள். அவருடைய தழும்பில் யாரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கால்மாட்டில் நின்று அட்டையில் காகிதத்தைச் செருகிப் பேனாவைத் திறந்தார்.

இரண்டு தட்டு தட்டினேன். பிடித்தேன்.

மிளகாய் அன்றைக்கு அழுத மாதிரி என்றைக்கும் அழவில்லை. முதல் முறை நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாம் முறையும் கிடைக்கவில்லை. என் முகமூடியைப் பிய்த்தாள், மணிக்கட்டைக் கடித்தாள், உடம்பை வில்லாக வளைத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் பிடித்தேன். பேனா ஓடுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் நர்ஸிடம் ஏதோ கேட்க, அவள் தயங்கித் தயங்கி என்னிடம் திருப்பிச் சொன்னாள்.

"இந்தக் குழந்தை உங்களைக் கண்டா எப்பவுமே இப்படித்தான் பயப்படுமான்னு கேக்கறார்."

பிடிக்கிற கை என்னுடையது, கடி வாங்குகிற கையும் என்னுடையது. பிடியை இறுக்கினேன். அவர் இன்னொரு வரி எழுதினார். மூன்றாம் முறை ஊசி ஏறியது. நர்ஸ் பிளாஸ்திரி ஒட்டித் தட்டை எடுத்துக்கொண்டாள். நான் பிடியை விட்டேன், ஆனால் என் கண் அந்தப் பேனாவிலேயே நின்றுவிட்டது. அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாவிட்டாலும் என்ன எழுதுகிறார் என்று தெரிந்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

மிளகாய் இப்போது அழவில்லை. ஆனால் மூச்சும் விடவில்லை. மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தாள். நான் கவனிக்கவே இல்லை.

திடீரென்று என் ஆள்காட்டி விரலை எதுவோ சூடாகப் பற்றியது. குனிந்தேன். ஊசி இல்லாத கையால் அவள் என் விரலைப் பிடித்திருந்தாள். அதை மடக்கத் தெரியாமல் மடக்கி, இழுத்துக்கொண்டு போய், கட்டில் கம்பியில் அடித்தாள். ஒரே ஒரு தட்டு. எனக்கு வலிக்கிற அளவுக்கு அடித்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு நாளில் முதல் முறை. கொஞ்சலெல்லாம் இல்லை, இதைக்கூடவா மறப்பாய் என்று திட்டுகிற பார்வை. அதன் பிறகுதான் அந்த மூச்சை விட்டாள். உடம்பு தொளதொளவென்று தளர்ந்து, மொட்டைத் தலை என் மணிக்கட்டில், கடித்த இடத்திலேயே வந்து விழுந்தது.

நான் அழுதேன். அலுவலர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே அழுதேன்.

அவர் நர்ஸிடம் ஏதோ கேட்டார். நர்ஸ் கம்பியைக் காட்டி, என் கையைக் காட்டி, நீளமாகப் பேசினாள். வார்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் கேட்டு முடித்து, எழுதியிருந்த வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். கீழே புதிதாக ஒரு வரி மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

என்ன எழுதினார் என்று கேட்டேன். நர்ஸ் தட்டைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அடுத்த பேரைக் கூப்பிட வேண்டாம்னு."

கதவு திறக்க இன்னும் ஏழு நாள் இருந்தது. அன்றைக்கும் பதினோரு அடிதான், பதினான்கு அடிதான். மறுநாள் மத்தியானம் நான் ஊட்டிக்கொண்டிருந்தபோது மிளகாய் ஸ்பூனைத் தள்ளிவிட்டு, கம்பியில் தன் கையால் இரண்டு தட்டு தட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, என்ன என்று கையை நீட்டினேன். நறுக்கென்று கடித்தாள். கடித்து முடித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கம்பியில் ஒரு தட்டு தட்டினாள்.